பேசுவது யார்? அருளிச்செயலில் பெண்பேச்சும் பெண்டிர் பெயரும்

திருவாய்மொழிக் காலக்ஷேபத்தில் ஒவ்வொரு பதிகத்தின் வாயிலிலும் முதலில் தீர்க்கப்படும் கேள்வி ஒன்றுண்டு. இது யார் பேச்சு? ஆழ்வார் தாமான தன்மையிலே அருளிச்செய்ததா, தலைமகள் பாசுரமா, திருத்தாயார் பாசுரமா, தோழி பாசுரமா? இது தெளிந்த பின்னரே கீழ்ப்பதிகத்தோடு ஸங்கதி; ஸங்கதிக்குப் பின்னரே பதவுரை. பாட்டனார் இம்முறையைச் சொல்லித்தந்தபோது அடியேனுக்குப் பன்னிரண்டு வயது. ஏன் இதையே முதலில் கேட்கவேண்டும் என்று அடியேன் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வீட்டுப் படிப்பில் காரணம் பின்னால் வரும். சில வேளை அறுபது ஆண்டு கழித்து வரும்.

சென்ற ஆண்டு ஆராய்ச்சி மாணவி ஒருவர் அடியேனிடம் ஈடு கேட்க வந்தார். ஆண், பெண் என்னும் வேறுபாடு, ஒருவர் தம்மை இன்னார் என்று அறியும் அடையாளம், பேச்சு ஆகிய மூன்றும் ஒன்றையொன்று எவ்வாறு உருவாக்குகின்றன என்பதே அவர் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பொருள். முதற்பத்தின் நான்காம் திருவாய்மொழியில் பேச்சு ஆழ்வாரிடமிருந்து தலைமகளுக்கு மாறுவதைச் சொன்னபோது அவர் வியந்தார். "யார் பேசுகிறார், யாராக நின்று பேசுகிறார், யாரிடம் பேசுகிறார் என்பதுதான் எங்கள் வகுப்பின் முதல் பாடம், ஸ்வாமி. இங்கே எழுநூறு ஆண்டுக்கு முன்பே இருக்கிறதே" என்றார். அடியேனுக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது. ஆனால் அவர் அடுத்து ஒன்று கேட்டார். "ஆண்கள் பெண்ணாய் நின்று பேசியதற்கு இவ்வளவு வியாக்கியானம் இருக்கிறது. பெண்களே பேசியதற்கு என்ன இருக்கிறது?"

முதலாவதற்கு விடை ஏட்டிலேயே இருந்தது. இரண்டாவதற்காகப் பழைய ஏடுகளையும் எம் இல்லத்துக் குறிப்பேடுகளையும் பல மாதம் புரட்ட வேண்டியதாயிற்று. அத்தேடலில் கண்டவற்றையே இங்கு ரஸிகர்களின் திருமுன்பே வைக்கிறேன். இறுதியில் அடியேன் முன்பு எழுதிய பிழை ஒன்றைத் திருத்தவும் வேண்டியிருக்கிறது.

பெண்பேச்சு ஆழ்வார்கள் காலத்தில் புதிதாகப் பிறந்ததன்று. சங்க அகப்பாட்டில் தலைவி, தோழி, செவிலி, நற்றாய் ஆகியோர் கூற்றாக ஆண் புலவர் பாடுவது இயல்பான வழக்கு. அவ்வழக்குக்குத் தொல்காப்பியம் இட்ட வேலிகளுள் இரண்டு இங்கு நமக்கு வேண்டும். அன்பின் ஐந்திணையில் யாரையும் இயற்பெயர் சுட்டிப் பேசலாகாது என்பது ஒன்று. காதல் எவ்வளவு பெருகினும் பெண் மடலேறுவதில்லை என்பது மற்றொன்று. ஆழ்வார்கள் இவ்விரு வேலிகளையும் தாண்டினார்கள். அகத்தின் தலைவனுக்குப் பெயர் வந்தது. பெயரோடு ஊரும் வந்தது. திருவரங்கம், திருவேங்கடம், திருக்குறுங்குடி என்று தலைமகள் அவன் ஊரைச் சொல்லி அழுகிறாள். திருமங்கையாழ்வாரோ பெரிய திருமடலில், பெண்டிர் மடலூரார் என்னும் தென்மொழி வழக்கைத் தாம் கேட்டிருப்பதாகவும், அதைக் கொள்ளாமல் வடநெறியையே விரும்புவதாகவும் தலைமகள் வாயாலேயே பேசுகிறார். இலக்கணம் மறுத்த செயலைச் செய்யும் உரிமையைப் பெண்ணாய் நின்ற ஆழ்வார் தாமே எடுத்துக்கொண்டார். இதை வெறும் உத்தி என்று தள்ளுவோருக்கு அடியேன் சொல்வது இதுதான்: இலக்கணத்தைக் காட்டி, அதை மறுத்து, காரணமும் சொல்லுபவர் தாம் எந்தக் குரலில் பேசுகிறோம் என்பதை நன்கு அறிந்தே பேசுகிறார்.

திருவாய்மொழி நூறு பதிகங்களில் 27 பதிகங்கள் பெண்பேச்சு. அவற்றுள் தலைமகள் பேச்சு 17, திருத்தாயார் பேச்சு 7, தோழி பேச்சு 3. திருநெடுந்தாண்டகத்தின் 30 பாசுரங்களில் முதற்பத்து ஆழ்வார் தாமான தன்மை, நடுப்பத்துத் தாய், கடைப்பத்து மகள். பெரியாழ்வார் யசோதையாய்ப் பேசுகிறார். குலசேகரப்பெருமாள் தேவகியாய்ப் புலம்புகிறார். திருவாய்மொழியில் நம்மாழ்வார் முதன்முதலில் பெண்ணாவது எப்போது என்று பார்த்தால் அது தூது விடுவதற்காக. சொல்லவேண்டியது இருக்கிறது, நேரே சென்று சொல்ல இயலவில்லை, பறவையை அழைக்கிறாள். தூதுப் பதிகங்கள் நான்கும் தலைமகள் பேச்சே. ஆசார்ய ஹ்ருதயம் அப்பறவைகளை ஆசாரியர்களாகவும், அவற்றின் சிறகுகளை ஞானமும் அநுஷ்டானமுமாகவும் கொள்ளும். ஆக, எம்பெருமானுக்குச் செய்தி அனுப்புபவள் பெண். கொண்டுசெல்லும் பறவை ஆசாரியர். இந்த அமைப்பை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

ஆழ்வார் பெண்ணாவதற்குப் பூருவாசாரியர்கள் கண்ட காரணம் என்ன? திருக்குருகைப்பிரான் பிள்ளானின் ஆறாயிரப்படி தொடங்கி நஞ்சீயர், பெரியவாச்சான் பிள்ளை வழியாக, நம்பிள்ளை அருளிச்செய்ய வடக்குத்திருவீதிப்பிள்ளை பட்டோலை கொண்ட ஈடு முப்பத்தாறாயிரப்படி வரையில் இக்கேள்வி மெல்ல மெல்ல விரிகிறது. திரௌபதி நீராடக் கண்ட பெண்டிர் மனத்தால் ஆண்மை எய்தினர் என்னும் பழங்கதையை அவர்கள் எடுத்தாள்வதுண்டு. அழகைக் கண்ட கண் தன் பிறவி நிலையை மறக்குமென்றால், புருஷோத்தமனைக் கண்ட ஆழ்வார் பெண்மை எய்துவதில் என்ன வியப்பு என்பது அதன் கருத்து. ஆயினும் இதோடு அவர்கள் நிற்கவில்லை. வேறொருவருக்கும் உரியளாகாமை, வேறு புகலில்லாமை, வேறொன்றை இன்பமாக எண்ணாமை, கூடியபோது தரித்தல், பிரிந்தபோது தரியாமை, அவனாலேயே நடத்தப்படுதல் ஆகிய ஆறிலும் ஆழ்வார் பிராட்டியை ஒத்திருக்கிறார் என்று காட்டினார்கள். இவற்றில் உடம்பைப் பற்றியது ஒன்றுமில்லை. எல்லாம் ஆத்மாவின் ஸ்வரூபம்.

இதனைச் சாத்திரமாகவே வகுத்துத் தந்தவர் பிள்ளை லோகாசாரியரின் திருத்தம்பியார் அழகிய மணவாளப் பெருமாள் நாயனார். ஞானம் மேலிட்ட நிலையில் ஆழ்வார் தம் பேச்சாகவும், பிரேமம் மேலிட்ட நிலையில் பெண்ணின் பேச்சாகவும் பாடுகிறார் என்பது ஆசார்ய ஹ்ருதயத்தில் அவர் கண்ட முடிவு. அதற்கு மேலும் ஒரு படி ஏறுகிறார். மூன்று பெண்களும் மூன்று பேரல்லர். ஒரே நெஞ்சின் மூன்று நிலைகள். எம்பெருமானோடு உள்ள ஸம்பந்தத்தை உணர்த்தும் நிலை தோழி. அவனே உபாயம் என்று துணிந்து, அவன் வரும்வரை படிகடவாமல் காத்திருக்கும் நிலை தாய். பேற்றுக்குப் பதறும் நிலை மகள். திருமந்திரத்தின் மூன்று பதங்களோடு இவற்றைப் பொருத்திக் காட்டும் அழகைக் காலக்ஷேபத்தில் கேட்டால்தான் உண்டு. தாய் மகளைக் கண்டிப்பதாக வரும் இடங்களிலெல்லாம், காத்திரு என்று சொல்லும் துணிவும் காத்திருக்க மாட்டேன் என்னும் பதற்றமும் ஒரே திருவுள்ளத்தில் வழக்காடுகின்றன. இவ்வளவு நுட்பமாக ஒரு குரலைப் பிரித்துப் படித்த உரைமரபு பிறிதொன்றை அடியேன் கண்டதில்லை.

இந்நுட்பம் அலங்காரத்துக்காக வந்ததன்று என்பதை ஐந்தாம் பத்தின் ஆறாம் திருவாய்மொழியில் காணலாம். கடல்ஞாலம் என்று வழங்கும் அப்பதிகத்தில், உலகைப் படைத்தவள் நான், அதுவாய் நிற்பவளும் நான், அளந்தவளும் இடந்தவளும் உண்டவளும் நான் என்று மகள் பேசுகிறாள். அப்பேச்சைத் தாய் ஊராருக்கு எடுத்துச் சொல்லுகிறாள். இங்கே எத்தனை குரல் என்று எண்ணிப் பாருங்கள். குருகூரில் அவதரித்த ஆழ்வார் தாயாகிறார். அத்தாய் மகளின் சொல்லைச் சொல்லுகிறாள். அம்மகள் எம்பெருமானாய்ப் பேசுகிறாள். ஆண் பெண்ணாகி, அப்பெண் மற்றொரு பெண்ணின் வாய்மொழியாய், அவ்வாய்மொழி புருஷோத்தமனின் வாய்மொழியாய் நிற்கிறது.

தாயை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? நானே படைத்தேன் என்பது ஆழ்வாரின் ஸித்தாந்தமாகிவிடும். ஜீவனும் பிரஹ்மமும் ஒன்றே என்போருக்கு அப்பதிகம் மேற்கோளாகிவிடும். நம் ஆசாரியர்கள் அதற்கு இடங்கொடாமைக்குக் காரணம் அவர்கள் முதலில் கேட்ட கேள்விதான். இது தாய் பேச்சு; மகள் பிரிவாற்றாமையால் அவனை அநுகரித்துத் தரிக்கப் பார்க்கிறாள்; கண்ணன் மறைந்தபோது திருவாய்ப்பாடிப் பெண்கள் அவன் செயல்களைத் தாங்கள் செய்து காட்டியதுபோல இதுவும். தாயோ, பித்து என்றும் பேய் என்றும் சொல்லாமல், அவன்தான் இவளுள் ஆவேசித்தானோ என்று ஐயுறுகிறாள். பேசுபவர் யார் என்பதைத் தெளிந்ததனால் விசிஷ்டாத்வைதம் அங்கே காக்கப்பட்டது. பாட்டனார் சொல்லாமல் விட்ட காரணம் இதுவே என்று இன்று நினைக்கிறேன். இப்பதிகத்துக்கு எம் இல்லத்தில் வழங்கும் நிர்வாஹம் ஒன்றுண்டு. அதைப் பின்னால் சொல்லுகிறேன்.

இக்குரல் மாற்றம் ஏட்டளவில் நின்றதுமில்லை. அத்யயனோத்ஸவத்தில் அரையர் ஸேவிக்கும் முத்துக்குறியில், ஒரே அரையர் மகளின் ஆற்றாமையைக் காட்டி, தாயாய்க் கவன்று, கட்டுவிச்சியாய்க் குறிசொல்லி அபிநயிக்கிறார். பகற்பத்தின் பத்தாம் நாள் திருவரங்கத்தில் நம்பெருமாள் தாமே நாச்சியார் திருக்கோலம் பூணுகிறார். ஆழ்வார் பெண்ணானது காதலால். பெருமாள் பெண்ணாவது லீலையால். வேதாந்த தேசிகன் திருவஹீந்திரபுரத்து தேவநாதன்மீது அச்யுத சதகத்தை ப்ராக்ருதத்தில் அருளியதையும் இங்கே சேர்த்து எண்ணலாம். வடமொழி நாடகங்களில் பெண் பாத்திரங்கள் பேசும் மொழி அது என்பதைக் காவியம் படித்தவர் அறிவர்.

இனி, பெண்ணாய்ப் பிறந்து பாடியவள் ஒருத்தி இருக்கிறாளே. அவளைப் பற்றி நம் உரைகள் என்ன சொல்லின? திருப்பாவை மூவாயிரப்படியின் அவதாரிகையில் பெரியவாச்சான் பிள்ளை பள்ளமடை என்னும் உவமையை ஆளுகிறார். காவிரிப் பாசனம் கண்டவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. தாழ்ந்த நிலத்து மடையைத் திறந்துவிட்டால் நீர் தானே பாயும். மேட்டு நிலத்துக்கு ஏற்றம் வைத்து இறைக்கவேண்டும். ஆழ்வார்கள் பெண்மையை ஏறிட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. ஆண்டாளுக்கு அது பிறவியிலேயே அமைந்தது. ஆகவே அவள் காதல் தானே பாயும் நீர்.

இவ்விடத்தில் ஒரு முடிச்சு இருக்கிறது. எல்லா ஆத்மாக்களும் புருஷோத்தமன் ஒருவனுக்கே பெண் எனில், பெண்ணுடம்பு ஆண்டாளுக்குத் தனி ஏற்றம் எதையும் தரவேண்டியதில்லை. பெண்ணுடம்பு ஏற்றம் தருமெனில், அவ்வேற்றம் ஆண்டாளோடு நில்லாமல் நம் அகத்துப் பெண்டிர் அனைவருக்கும் உரியதாகவேண்டும். பூருவாசாரியர்கள் முன்னதை ஸித்தாந்தத்திலும் பின்னதை ஆண்டாள் விஷயத்திலும் அருளிச்செய்தார்கள். பின்னதின் பலனை ஊராருக்கு நீட்டுவதை நாம்தான் மறந்தோம் என்பது அடியேன் கருத்து. இதை அபசாரமாகக் கொள்வார் பொறுத்தருள வேண்டும்.

ஆண்டாள் விஷயத்தில் கவனிக்கவேண்டியது இன்னொன்று, அவள் பெயர். திருப்பாவை 30, நாச்சியார் திருமொழி 143, ஆக 173 பாசுரங்களில் பெரும்பாலான பதிகங்களின் இறுதியில் தன்னை வில்லிபுத்தூர்ப் பட்டர்பிரானின் மகள் கோதை என்று அவளே பொறித்துவைத்தாள். தந்தையின் திருநாமத்தோடு சேர்த்துத்தான் பொறித்தாள், ஆயினும் பொறித்தாள். நம்மாழ்வாரோ பெண்ணாய்ப் பேசிய பதிகத்தின் பலச்ருதியிலும் குருகூர்ச் சடகோபனாகவே திரும்பி வந்து கையெழுத்திடுகிறார். பராங்குச நாயகி, பரகால நாயகி என்னும் திருநாமங்கள் ஆழ்வார்கள் தாமே இட்டுக்கொண்டவையல்ல. பின்னே வந்த ஆசாரியர் வழக்கில் நிலைத்தவை. அகத்திணையில் பெயரில்லாதிருந்த தலைமகளுக்கு நம் ஸம்பிரதாயம் அன்போடு பெயர் சூட்டியது.

மெய்யாகவே வாழ்ந்த பெண்டிருக்கு என்ன பெயர் கிடைத்தது? குருபரம்பரை நூல்களில் இக்கேள்வியோடு நுழைந்தேன். இவை எம்பெருமானாருக்குச் சில தலைமுறை பின்னே ஏட்டில் ஏறியவை. அவற்றில் உள்ள ஒவ்வொரு நிகழ்ச்சியும் இன்ன நாளில் நடந்தது என்று வரலாற்றாசிரியன் சத்தியம் செய்ய இயலாது. ஆனால் எதை நினைவில் வைக்கத் தக்கது என்று நம் முன்னோர் எண்ணினர் என்பதற்கு அவையே சாட்சி.

கொங்கு நாட்டிலிருந்து பஞ்சத்தால் திருவரங்கம் வந்த பெண் ஒருத்தி, மாதுகரத்துக்கு எழுந்தருளிய எம்பெருமானாரை மாடியிலிருந்து இறங்கி வந்து நிறுத்திக் கேட்டாள். அரசரும் உம்மை வணங்குகிறார்கள். நீரோ பிச்சைக்கு நடக்கிறீர். இதற்குக் காரணம் என்ன? பகவத் விஷயமாகச் சில வார்த்தை சொன்னோம், அதனால் வணங்குகிறார்கள் என்றார் ஸ்வாமி. அவ்வார்த்தையை எனக்கும் சொல்லலாகாதோ என்றாள். த்வயத்தை அருளினார். பஞ்சம் தீர்ந்து ஊர் திரும்பும் நேரம், அது மறந்துபோயிற்று என்று மீண்டும் கேட்டாள்; மீண்டும் அருளினார். பின்னாளில் ஸ்வாமி மேற்கே எழுந்தருளியபோது அவர் திருவடித் தொடர்பினர்க்கு அவள் அகமே புகலிடமாயிற்று. இதில் அடியேனை உருக்குவது அந்த இரண்டாம் முறை கேட்டதுதான். மறந்தேன் என்று சொல்ல அவள் கூசவில்லை. மறந்தாயோ என்று அவர் சினக்கவுமில்லை. நம் நாவில் அவள் கொங்குப் பிராட்டி. ஊர்தான் பெயர்.

திருக்கோளூரை விட்டு மூட்டையோடு வெளியேறிய பெண்ணின் கதையை இவ்விதழ் வாசகர் அறிவர். எல்லாரும் புகும் ஊரைவிட்டு நீ புறப்படுவானேன் என்று எம்பெருமானார் வினவ, அவள் பாகவதர்கள் செய்த 81 செயல்களை வரிசையாகச் சொல்லி, இவற்றில் ஒன்றும் செய்யாத நான் இங்கிருந்து என்ன என்றாள். பிராட்டி, அநஸூயை, தேவகி, யசோதை, திரௌபதி, ஆண்டாள் என்று பெண்டிரும் அவ்வரிசையில் வருகின்றனர். இதிஹாஸம், புராணம், ஆழ்வார்கள், ஆசாரியர்கள் அனைத்தும் விரல்நுனியில் இருந்த ஒருத்தியின் பேச்சு அது. ஸ்வாமி அவளை ஊருக்குள் திருப்பி அழைத்துச்சென்று அவள் அகத்தில் அமுது செய்ததாக ஐதிஹ்யம். பிற்காலத்தார் அப்பேச்சுக்கு ரஹஸ்யம் என்று பெயரிட்டு உரையும் இட்டனர். பேச்சுக்குப் பெயர் வந்தது; பேசியவளோ திருக்கோளூர்ப் பெண்பிள்ளையாகவே நின்றுவிட்டாள்.

எல்லாரும் இப்படியல்லர். பெரிய நம்பியின் திருமகள் அத்துழாய், கூரத்தாழ்வானின் தேவிகள் ஆண்டாள், பிள்ளை உறங்காவில்லி தாஸரின் தேவிகள் பொன்னாச்சியார் எனத் திருநாமங்கள் உண்டு. யாருக்கு மகள், யாருக்கு மனைவி என்பது தெரிந்தபோது பெயரும் தங்கியது. தனியே வந்து தனியே கேட்டவளுக்கு ஊர்ப்பெயர் மிஞ்சியது.

நம் ரஹஸ்ய நூல்களின் மொழியும் இதற்குச் சாட்சி சொல்லும். பிள்ளை லோகாசாரியர் ரஹஸ்ய த்ரயத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட நூல்களை அருளியும் முமுக்ஷுப்படியை அருளியது ஏன் என்று மணவாள மாமுனிகள் தம் வியாக்கியானத் தொடக்கத்தில் காரணம் காட்டுகிறார். ஒன்று மிகச் சுருக்கம். ஒன்று மிக விரிவு. ச்ரிய:பதிப்படியோ வடசொல் மிகுந்து, பெண்டிரும் கல்லாதாரும் கற்க எளிதாயில்லை. ஆகவே முமுக்ஷுப்படி. பெண்டிரைக் கல்லாதாரோடு ஒரே மூச்சில் சேர்த்தது இன்றைய செவிக்குக் கசக்கும், அம்மாணவிக்கும் கசந்தது. அடியேன் அதை மறுக்கவில்லை. ஆயினும் பாருங்கள், நூல் எழுதுபவர் தம்முன் அமர்ந்திருப்பாராக யாரை நினைத்தார்? பெண்டிர் கேட்கமாட்டார் என்று எண்ணியவர் அவர்களுக்காக மொழியை மாற்றியிருக்கமாட்டார். கேட்பவளாகப் பெண் எதிர்பார்க்கப்பட்டாள். அவள் கேட்டபின் என்ன சொன்னாள் என்பதைப் பட்டோலை கொள்ளத்தான் ஒருவரும் எழுத்தாணி எடுக்கவில்லை.

இவ்வளவு எழுதியபின் எம் இல்லத்து ஏட்டையும் அவிழ்க்காமல் விடுவது நேர்மையன்று.

தாம்பரபரணிக் கரையில் எங்கள் அகம். பாட்டனார் கூடத்தில் அமர்ந்து சிறுவர் நால்வருக்குச் சந்தை சொல்லுவார். இளமையிலேயே வாழ்விழந்து பிறந்தகம் வந்த அத்தை ரேழிக் கதவின் பின்னே அரிசி புடைத்துக்கொண்டிருப்பார். நாங்கள் ஓரடி பிறழ்ந்தால் முறத்தில் இரண்டு தட்டு விழும். பாட்டனார் அதைப் பற்றி ஒருநாளும் ஒருவார்த்தை சொன்னதில்லை. ஆனால் அத்தட்டு கேட்டால் நிறுத்தி, அவ்வடியை மறுபடி சொல்லுவார். செவி மங்கிய கடைசி ஆண்டுகளில், நாங்கள் ஒரு பாட்டு முடித்ததும் அவர் ரேழிப் பக்கம் சற்றே திரும்பிக் காத்திருந்ததை நினைக்கிறேன்.

அவர் ஆசாரியன் திருவடி சேர்ந்தபோது அடியேன் ஈடு ஐந்தாம் பத்தின் தொடக்கத்தில்தான் இருந்தேன். மீதியை யாரிடம் கேட்டேன்? எம் முன்னுரைகளிலெல்லாம் பாட்டனாரிடம் என்றே எழுதியிருக்கிறேன். உண்மை அதுவன்று. நான் ஏட்டைக் கூடத்தில் வைத்து உரக்க வாசிப்பேன். புரியாத இடத்தில் நிறுத்துவேன். கதவின் பின்னிருந்து அத்தை சொல்லுவார். ஒவ்வொன்றையும் "அப்பா இப்படி ஸாதிப்பார்" என்றே தொடங்குவார். ஒருமுறையாவது நான் சொல்லுகிறேன் என்று சொன்னதில்லை. ஆறு ஆண்டு அப்படிச் சென்றது.

கடல்ஞாலத்துக்கு அவர் சொன்னது இது. மகள் சொன்னதைத் தாய் பத்துப் பாட்டிலும் ஒன்று விடாமல் ஊராருக்குத் திருப்பிச் சொல்லுகிறாள். மகளோ தாயிடம் சொல்லவில்லை, தனக்குத்தானே பிதற்றுகிறாள். அப்படியானால் தாய்க்கு எப்படித் தெரிந்தது? கதவுக்குப் பின்னே நின்று கேட்டாள். கேட்டவள் மகளைத் திருத்தப் போகவில்லை. சொல் சிதையாமல் நெஞ்சில் வாங்கிக்கொண்டாள். ஆகையால் அவள் தாய் மட்டுமல்லள், அம்மகளுக்குப் பட்டோலைக்காரி. இந்நிர்வாஹத்தை இருபது ஆண்டுக்கு முன் இவ்விதழில் எழுதிய கட்டுரையில் எம் பாட்டனார் நிர்வாஹம் என்று குறித்தேன். பெரியோர் சிலர் ரஸித்துக் கடிதமும் எழுதினர்.

மாணவியின் கேள்விக்குப் பின் பாட்டனாரின் குறிப்பேடுகள் பதினொன்றையும் ஓலைச்சுவடிகளின் ஓரக்குறிப்புகளையும் ஒன்றுவிடாமல் பார்த்தேன். அந்நிர்வாஹம் அவற்றில் இல்லை. ஈட்டிலும் பன்னீராயிரப்படியிலும் இல்லை. அத்தை அவர் ஸாதித்ததாகச் சொன்ன வேறு மூன்று நிர்வாஹங்களும் அப்படியே. பாட்டனார் வாய்மொழியாகச் சொல்லியிருக்கலாமே என்று முதலில் எண்ணினேன். பிறகு அவருடைய ஐந்தாம் பத்துக் குறிப்பைப் படித்தேன். அங்கே அவர், திருத்தாயாரிடம் மகள் நேரே சொல்லுவதாகவே கொண்டு எழுதியிருக்கிறார். அத்தை சொன்னதற்கு அது நேர் எதிர்.

ஆழ்வார்கள் பெண்ணாய் நின்று பேசியதை வரிக்கு வரி பிரித்துக் காட்டிய அடியேன், கதவின் பின்னே ஒரு பெண் தந்தையாய் நின்று பேசியதை அறுபது ஆண்டாக அறியவில்லை. பேசுவது யார் என்னும் கேள்வியை ஏட்டுக்கு மட்டும் வைத்துக்கொண்டிருந்தேன். முன்கட்டுரையில் உள்ளதை எம் அத்தையின் நிர்வாஹம் என்று திருத்தி வாசித்துக்கொள்ளும்படி வேண்டுகிறேன்.

இதை மாணவியிடம் சொன்னபோது அவர் குறிப்பேட்டைத் திறந்து, "அத்தையின் திருநாமம் என்ன, ஸ்வாமி?" என்றார். அடியேனுக்குத் தெரியவில்லை. பெரியகத்து அத்தை என்றுதான் எல்லாரும் அழைத்தோம். எண்பத்தெட்டு வயதான எம் தமக்கையாரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். அவரும் சற்று நேரம் யோசித்தே சொன்னார். மாணவி எழுதிக்கொண்டார். அத்திருநாமத்தை இங்கே அச்சிட அவர் புக்ககத்தாரின் இசைவைக் கேட்டு எழுதியிருக்கிறேன். பதில் வந்ததும் அடுத்த இதழில் திருத்தமாக வெளியிடும்படி ஆசிரியரை வேண்டிக்கொண்டிருக்கிறேன்.